டக் என்றால் தவிட்டு உருண்டை

களம்பூரில் கண்விழித்தேன். இறங்க வேண்டிய ஆரணி எப்போதோ பின்னால் போய்விட்டிருந்தது.

"ஆரணி, ஆரணின்னு தொண்ட கிழிய கத்தினேன்" என்றார் நடத்துனர். "நீங்க நல்லா தூங்கிகினு இருந்தீங்க. எழுப்பினா பேஜாராயிடப் போவுதுன்னு உட்டுட்டேன்."

ஈப்போவில் பேருந்தில் நடத்துனர் என்ற ஆளைப் பார்த்து வெகு காலமாயிற்று. பயணியின் தூக்கத்துக்கு இவ்வளவு மரியாதை தரும் ஒருவர் மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. பெட்டியோடு இறங்கி அரிசி ஆலை ஒன்றின் வாசலில் நின்றேன். ஊர் முழுக்க நெல் அவிக்கும் வாசனை. பசி எடுத்தது.

நான் மலேசியாவின் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். வரி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைகளில் குழந்தைகளுக்குக் குதிரையேற்றம் பழக்கும் ஓர் இடத்தில் கூடமாட உதவி செய்கிறேன். மற்ற நாட்களில் படிப்பேன்; படிக்காத நேரத்தில் நாட்குறிப்பு எழுதுவேன். எது எந்தக் கிழமையில் நடந்தது என்று எழுதி வைக்காவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது. மகள் கல்யாணத்துக்கு ஆரணியில் ஒரு பட்டுப் புடவை நெய்யச் சொல்லியிருந்தேன். அதை வாங்கி வரத்தான் இந்தப் பயணம். களம்பூர் வந்தது புதன்கிழமை.

வந்த பேருந்துகளில் எல்லாம் கூட்டம் படியில் தொங்கியது. ஆலையில் தவிடு ஏற்றிக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஆரணிதானே? ஏறுங்கம்மா. வழியில பாய் ஊட்ல ரெண்டு மூட்ட எறக்கணும், அவ்ளோதான்" என்றார். ஏறிக்கொண்டேன். ஜன்னல் வழியே பறந்து வந்த தவிடு தலையிலும் புருவத்திலும் படிந்தது. வீட்டில் அரைமணி நேரம் செலவழித்து முடிக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்ததெல்லாம் களம்பூர் எல்லையிலேயே வீண்.

பாய் வீடு ஆரணியின் ஓரத்தில் இருந்தது. லாரி நின்றதும் ஒரு வெள்ளைக் குதிரை தலையை நீட்டி மூட்டையை முகர்ந்தது. அதன் கொட்டகைக்குப் பழைய கல்யாண பேனர்தான் கூரை. யாரோ ஒரு மணமக்கள் மேலிருந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஈப்போ குதிரைகளுக்கு மின்விசிறி உண்டு, பெயர்ப்பலகை உண்டு, பல் பார்க்க ஆள் உண்டு. ஆனால் இந்தக் குதிரையின் ரோமத்தில் இருந்த பளபளப்பு அங்கே எதற்கும் கிடையாது.

"பேரு பிஜிலி" என்றார் குதிரைக்காரர் ஜாபர் பாய். மருதாணி தாடி, சட்டைப் பையில் சீப்பு. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையை ஏற்றிச் செல்வதுதான் பிஜிலியின் வேலை. பிஜிலி என்றால் மின்னல்.

"மின்னலாவது" என்று லாரி ஓட்டுநர் சிரித்தார். "போளூர்ல இன்னா பண்ணிச்சி, சொல்லு பாய்."

"அத்த ஏன்பா இப்ப."

ஓட்டுநரே சொன்னார். போளூரில் மாப்பிள்ளை ஊர்வலம். பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதியதும் பிஜிலி பின்னால் நடக்கத் தொடங்கிவிட்டது. பாய் கயிற்றை முன்னால் இழுக்க இழுக்க அது இன்னும் வேகமாகப் பின்னால் போனது. மாப்பிள்ளை, குடை, தலையில் விளக்குத் தூக்கியவர்கள் எல்லோரும் அதன் போக்கிலேயே பின்னால் நகர, ஊர்வலம் புறப்பட்ட வீட்டு வாசலிலேயே போய் நின்றதாம். "பொண்ணு ஊட்டுக்காரங்க, மாப்ளைக்கு இஷ்டம் இல்லியான்னு கேட்டுட்டாங்க."

அப்போது உள்ளேயிருந்து பாயின் மனைவி நசீமா வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கணவரிடம் உருதுவில் நாலு வாக்கியம் பேசினார். பாய் குனிந்து சாணம் அள்ளப் போய்விட்டார். ஓட்டுநர் எனக்கு அதைத் தமிழில் சொன்னார்: "ஞாயித்துக்கிழம ஏகாம்பரம் ஊட்டுக் கல்யாணம். அங்க ஒழுங்கா நடந்தா குதிர இருக்கட்டும். மறுபடி ரிவர்ஸ் போச்சின்னா திங்கக்கிழம தரகர் வந்து புடிச்சிகினு போவட்டும். கடற்கரையில சவாரிக்கு குதிர கேக்கறாங்களாம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் புடவை நெய்யப்படுவதே அந்த ஏகாம்பரம் வீட்டில்தான்.

என் சாவிக்கொத்தில் எப்போதும் ஒரு சின்ன நீல நிறக் கிளிக்கர் தொங்கும். கட்டைவிரலால் அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம். குதிரை நாம் விரும்பியதைச் செய்த அதே கணத்தில் அழுத்த வேண்டும். உடனே தின்ன ஏதாவது தர வேண்டும். கொஞ்ச நேரத்தில் குதிரைக்குப் புரிந்துவிடும்: 'நான் இப்போது செய்தது சரி, கூலி வருகிறது.' அடி கிடையாது, இழுப்பு கிடையாது. சத்தம் என்பது ஒரு வாக்கு. வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும். இருப்பது அந்த ஒரே விதிதான். இதைச் சொல்லி, வேண்டுமானால் முயன்று பார்க்கிறேன் என்றேன்.

"பேனா மூடி மாரி இருக்குது. இத்த வெச்சி குதிரைய ஓட்டுவீங்களா?" என்றார் பாய்.

நசீமா தமிழிலேயே கேட்டார். "லஞ்சம் குடுத்து வேல வாங்கறது. அதானே?"

"சம்பளம்னு சொல்லலாங்க" என்றேன்.

"சம்பளம் மாசத்துக்கு ஒரு தபாதான் தருவாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏகாம்பரம் வீட்டை அடைந்தபோது என்னைத் தவிட்டு மூட்டை என்று நினைத்தோ என்னவோ, நாய் குரைக்கவில்லை. ஏகாம்பரம் தறியில் இருந்து எழுந்து வந்து கும்பிட்டார். புடவை இன்னும் தறியிலேயே இருந்தது. முந்தானை பாக்கி.

"நாளைக்கு அமாவாசம்மா, தறி தொட மாட்டோம். வெள்ளிக்கிழம முடிச்சி அறுத்துக் குடுத்துடறேன். கல்யாணத்த பாத்துட்டுதான் போறீங்க."

அவர் மனைவி கஸ்தூரி என் பெட்டியை ஏற்கெனவே உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். தலையைத் துடைக்கத் துண்டும், தட்டில் இட்லியும் வடகறியும் ஒரே நேரத்தில் வந்தன. எதை முதலில் எடுப்பது என்ற குழப்பத்தில் நான் தவிட்டுத் தலையோடு வடகறியை முடித்தேன். ஈப்போவில் வடகறி கிடைக்கும். ஆனால் அது தன்னை வடகறி என்று நம்புவதில்லை.

குதிரை ஊர்வலம் கஸ்தூரியின் ஆசை. மகன் தினேஷ் சென்னையில் கணினி வேலையில் இருப்பவன். அவனுக்குத் திறந்த கார்தான் வேண்டும். "கார்ல எல்லாரும்தான் போறாங்க. எம்புள்ள குதிரைல வரணும்" என்றார் கஸ்தூரி. போளூர் கதையை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நாட்குறிப்பில் அன்றிரவு எழுதினேன்: 'நாளை வியாழன், தை அமாவாசை. தறிகள் விடுமுறை. திங்கள் முகூர்த்தம், வளர்பிறை.' நாள் கிழமையை இவ்வளவு சரியாகக் குறித்தவள் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

வியாழன் காலையில் நெசவுத் தெரு துடைத்து விட்டாற்போல் அமைதியாக இருந்தது. ஊர்வலம் வரப்போவது இந்தத் தெருவில்தான். பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் எது? தவிட்டையும் வெல்லத்தையும் பிசைந்து நெல்லிக்காய் அளவு உருண்டைகள் பிடித்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டேன். ஏகாம்பரத்திடம் ஆரஞ்சு நிறத்தில் காலியான நூல் கோன் ஒன்று வாங்கிக் கம்பின் முனையில் செருகினேன். முதல் பாடம்: மூக்கால் கோனைத் தொட வேண்டும்.

பிஜிலி கோனை முகர்ந்தது. டக். உருண்டை. மறுபடி முகர்ந்தது. டக். உருண்டை. மூன்றாவது முறை காதுகள் இரண்டும் நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தது. அந்தப் பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. 'அட, உனக்குப் பேச வருமா?' என்பது போன்ற ஒரு பார்வை. இந்தக் கணத்துக்காகத்தான் நான் சனிக்கிழமைதோறும் லாயத்தில் சாணம் அள்ளுகிறேன்.

அப்புறம் கோனைப் பின்தொடர்வது. அப்புறம் மரியாதை: பையைப் பிடுங்கக் கூடாது, முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தால்தான் உருண்டை. அதையும் கற்றுக்கொண்டது. மதியம் சென்னையிலிருந்து வந்து சேர்ந்த தினேஷின் ஒலிபெருக்கியில் பேண்டு வாத்தியத்தைத் தெருக்கோடியில் மெதுவாக வைத்தோம். நடுநடுவே ஓய்வு கொடுத்து, சத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினோம். டிரம்பெட் வந்தது. பிஜிலி நின்றது, பின்னங்கால் கூசியது. பாய் பழக்கதோஷத்தில் கயிற்றை இழுக்கப் போனார்.

"இழுக்காதீங்க பாய். இழுக்கறதுனாலதான் அது பின்னால போகுது. தளர விடுங்க."

தளர விட்டார். பிஜிலி யோசித்தது. ஒரு கால் முன்னால் வைத்தது. டக். பொழுது சாய்வதற்குள் டிரம்பெட் முழு மூச்சாக ஊத, மின்னல் கோனின் பின்னால் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தது. நடந்ததா? மிதந்தது. வீட்டுக்கு வீடு பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். பாய் சீப்பை எடுத்துத் தாடியை வாரிக்கொண்டார்.

கஸ்தூரி இலை போட்டு அமாவாசை விருந்து வைத்தார். வடை, பாயசம், பொன்னி அரிசிச் சோறு. இந்த ஊர்ப் பக்கம் 1751இல் நடந்த சண்டைக்கு மராத்தியக் குதிரைப்படை வந்தது என்று படித்திருக்கிறேன். அத்தனை குதிரைகளுக்கும் சாட்டைதான் வாத்தியார். ஒரு கூடை தவிட்டு உருண்டை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சாப்பாட்டின் நடுவே ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். யாரும் தடுக்கவில்லை. மூன்றாவது வடையும் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பாய் பிஜிலியை நெசவுத் தெருவுக்குள் திருப்பினார். முதல் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. நெய்பவர் கயிற்றை இழுக்க, நூல் கொண்டோடும் நாடா ஒரு பக்கத்திலிருந்து பறந்துபோய் மறுபக்கத்துப் பெட்டியில் மோதியது.

டக்.

பிஜிலி நின்றது. முகத்தை வலப்பக்கம் மரியாதையாகத் திருப்பிக்கொண்டு காத்திருந்தது.

டக். டக். டக்.

ஜன்மத்தில் இப்படி ஒரு அதிர்ஷ்டம் அதற்கு அடித்ததில்லை. முதல் வீட்டில் கூலி தருவார் யாரும் இல்லை என்று தெரிந்ததும் அடுத்த வீட்டுக்கு நடந்து, அங்கும் நின்று, முகத்தைத் திருப்பிக் காத்திருந்தது. தெருவின் இரு பக்கமும் தறிகள். எல்லாத் தறிகளும் அதைப் பாராட்டின. ஒரு தறியும் உருண்டை தரவில்லை. வாக்குத்தான் எல்லாம் என்று பேசியவள் நான். இப்போது தெருவே வாக்குக் கொடுத்துக் கொடுத்து ஏமாற்றிக்கொண்டிருந்தது.

நான்காவது வீட்டில் பிஜிலியின் மரியாதை தீர்ந்தது. ஜன்னல் வழியே தலையை உள்ளே விட்டுவிட்டது. உள்ளே தறியில் இருந்தவர் ஏகாம்பரம். எதிரே என் மகளின் முந்தானை.

"அம்மா" என்று அவர் குரல் மட்டும் வெளியே வந்தது. "குதிர எம்மூஞ்சியையே பாத்துகினுக்குது. நான் இன்னா பண்ணணும்?"

"நெய்யறத நிறுத்துங்க!"

நிறுத்தினார். பிஜிலி ஏமாற்றத்தோடு தலையை வெளியே எடுத்தது. போகிற போக்கில் ஜன்னலில் கஸ்தூரி வைத்திருந்த துளசியைக் கூலியாக எடுத்துக்கொண்டது. தெருவில் பெண்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், அங்கே நசீமா நின்றிருக்காவிட்டால்.

அவர் பாயிடம் உருதுவில் ஏதோ சொன்னார். கஸ்தூரி ஆற்காட்டில் பாய் வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவர். என் காதில் தமிழாக்கினார். "முன்னெல்லாம் பின்னால மட்டும்தான் போய்கினு இருந்திச்சி. இப்ப ஊடு ஊடா பிச்ச எடுக்குது. இதுக்காடா மலேசியாலர்ந்து வாத்தியாரம்மா வந்தாங்கன்னு கேக்கறாங்க."

"'டா' போட்டா சொன்னாங்க?"

"அது நான் சேத்துகினது."

தினேஷ் மட்டும் குஷியாக இருந்தான். "கார் புக் பண்ணிடட்டா?" என்றான்.

அன்று மதியம் ஏகாம்பரம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தோம். டக் செத்துவிட்டது. இந்தத் தெருவில் யாருமே எழுப்பாத ஒரு சத்தம் வேண்டும். விசில்? குக்கர் இருக்கிறது. மணி? பூஜை மணி, ஐஸ் வண்டி மணி. நாக்கைச் சொடுக்குவது? மாடு ஓட்டுகிறவர்கள் எல்லோரும் சொடுக்குகிறார்கள். கைதட்டல்? "கொசு" என்றார் கஸ்தூரி. ஆரணியில் ஒரு சத்தம்கூட மிச்சமில்லை என்ற முடிவுக்கு வந்தபோது, அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு நான் வாய்தவறி, "பாகூஸ்" என்றேன்.

"இன்னாது?"

"மலாய் மொழி. நல்லா இருக்குன்னு அர்த்தம்."

ஏகாம்பரம் யோசித்தார். "இந்த வார்த்தைய இந்தத் தெருவுல யாரும் சொன்னதில்ல" என்றார், ஒரு புலவரின் தீர்ப்பைப் போல.

அன்று மாலையே தறிச் சத்தம் எட்டாத ஏரிக்கரையில் புதுப் பாடம் தொடங்கினோம். இந்த முறை நான் தள்ளி நின்றேன். ஞாயிற்றுக்கிழமை கயிறு பிடிக்கப்போவது பாய். சொல்லையும் அவர்தான் சொல்ல வேண்டும். அங்கேதான் சிக்கல். பாய்க்கு வாய் வரவில்லை. பரம்பரையாகக் குதிரையைத் திட்டி வளர்ந்த குடும்பம்.

"ஒரு பொட்டக் குதிரைய பாத்து நல்லாருக்குதுன்னு எப்டிங்க சொல்றது. ஊருல சிரிப்பாங்க."

"ஊருக்கு அர்த்தம் தெரியாது பாய்."

"எனுக்குத் தெரியுதே."

கரைமேல் உட்கார்ந்திருந்த நசீமா தமிழிலேயே சொன்னார். "கல்யாணமாகி இத்தினி வருசத்துல என்னியே ஒரு தபா சொன்னதில்ல. குதிரைக்கு எங்கர்ந்து வரும்."

பாயின் காது சிவந்தது. பிஜிலி அப்போது பார்த்துக் கோனைத் தொட்டது. "பாகூஸ்" என்றார் பாய், திருடன் பேர் சொல்வதைப் போல. உருண்டை கொடுத்தார். இரண்டாவது தடவை குரல் கொஞ்சம் ஏறியது. பத்தாவது தடவை அவர் பாட்டாகவே பாடினார்.

சனிக்கிழமை புதுத் தொல்லை. சொல் தெருவில் பரவிவிட்டது. பால்காரர் பிஜிலியைப் பார்த்து பாகூஸ் என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாகூஸ் என்றார்கள். பிஜிலி பாதி திரும்பியது. நான் வாயைத் திறப்பதற்குள் நசீமா தெரு நடுவே வந்து நின்றார்.

"யாரும் சொல்லக் கூடாது. பாய் மட்டும்தான் சொல்லணும். சொல்றவன் தவிடு வாங்கிகினு வந்து சொல்லு."

அன்று முழுக்க அவர் அந்தத் தெருவில் ரோந்து போனார். எதற்காக இவ்வளவு அக்கறை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் விட்டுவிடுவாரோ என்று பயம். தறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பிஜிலி இரண்டு மூன்று டக்குகளுக்குக் காதைத் திருப்பியது. பிறகு அது வேறு யாருக்கோ வந்த அழைப்பு என்று விட்டுவிட்டது.

மிச்சம் இருந்தது மாப்பிள்ளை. தினேஷ் குதிரைக்குப் பத்தடி தள்ளியே நின்றான். "அது கண்ண பாருங்க ஆன்ட்டி, ஒரு மாதிரி பாக்குது" என்றான். அம்மா கெஞ்சினார், அப்பா அதட்டினார், அவன் காரையே சொன்னான். வேலையில்லாமல் என் சாவிக்கொத்தில் தொங்கிய கிளிக்கரை நான் கஸ்தூரியிடம் கொடுத்தேன்.

கஸ்தூரிக்குக் கற்பூர புத்தி. உள்ளே போய், ஆற்காட்டிலிருந்து கல்யாணத்துக்கு வந்திருந்த மக்கன்பேடா டப்பாவோடு திரும்பினார். தினேஷ் ஓரடி முன்னால் வந்தான். டக். வாயில் ஒரு துண்டு பேடா. குதிரையின் கழுத்தைத் தொட்டான். டக். பேடா. சேணத்து அங்கவடியில் கால். டக்.

"அம்மா, நான் இன்னா குதிரையா?"

"பேசாத. பேசினா பேடா கெடயாது."

ஏறி உட்கார்ந்தான். ஒரு பேடா முழுசாகக் கிடைத்தது. மேலே இருந்தபடியே தெருவை ஒரு பார்வை பார்த்தான். அந்த உயரம் அவனுக்குப் பிடித்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. இறங்கச் சொன்னபோது உடனே இறங்கவில்லை.

முந்தானையும் முடிந்து அறுத்த புடவையை அன்று சாயங்காலம் ஏகாம்பரம் என் கையில் வைத்தார். மாம்பழ மஞ்சள், அரக்குச் சிவப்புக் கரை. ஒரு நிமிடம்தான் பார்த்தேன். மகள் மன்னிப்பாள், என் மனசெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைத்த பிறகு பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. பிஜிலிக்குச் சிவப்பு வெல்வெட், நெற்றியில் சரிகைக் குஞ்சம். மேலே தினேஷ், மாலையும் கோட்டுமாக. முன்னால் சீர்வரிசைத் தட்டுகளோடு பெண்கள், அவர்களுக்கும் முன்னால் பேண்டு செட். பாய் ஒரு கையில் தளர்ந்த கயிறும் மறு கையில் கோனுமாக நடந்தார். கோனுக்கு கஸ்தூரி மல்லிகைப் பூச் சுற்றியிருந்தார். நான் பக்கவாட்டில், நசீமா எனக்குப் பக்கத்தில்.

நெசவுத் தெரு பாதி வரை எல்லாம் சொர்க்கம். பாதியில் தினேஷின் நண்பர்கள் சரவெடியைக் கொளுத்தினார்கள். அதை நாங்கள் யாரும் கணக்கில் எடுத்திருக்கவில்லை. அது வெடித்து முடியும் முன்பே டிரம்பெட்காரர் உச்ச ஸ்தாயியில் ஏறினார்.

பிஜிலி ஓரடி பின்னால் வைத்தது. இன்னோரடி.

"ரிவர்ஸு, ரிவர்ஸு" என்று யாரோ கத்தினார்கள். விளக்குத் தூக்கியவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். ஏகாம்பரத்தின் மைத்துனர், "இழு பாய், ஜல்தி இழு" என்று அதட்டினார். பாயின் விரல்கள் கயிற்றில் இறுகுவதைப் பார்த்தேன். நசீமா என் மணிக்கட்டைப் பிடித்தார். வளையல் அழுந்தி வலித்தது.

பாய் இழுக்கவில்லை. கயிற்றை இன்னும் ஒரு முழம் விட்டார். அப்படியே நின்றார். கையைத் தூக்கி பேண்டு செட்டை நிறுத்தச் சொன்னார். யாருக்கோ கோபம் வந்தது, பாய் திரும்பிப் பார்க்கவில்லை. ஊர் முழுக்க அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் குதிரையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். பிஜிலியின் விலா ஏறி இறங்கியது. தலை மெல்லத் தாழ்ந்தது. மூக்கு நீண்டு மல்லிகைப் பூக் கோனைத் தேடியது.

"பாகூஸ்" என்றார் பாய். கூச்சமே இல்லை. தெருக்கோடி வரை கேட்டது.

உருண்டை. ஓரடி முன்னால். பாகூஸ். இன்னும் ஓரடி. பேண்டு மெதுவாகத் தொடங்கியது, பிறகு ஏறியது, பிஜிலி நடந்தது. நடக்க நடக்கப் பாய் தாராளமாகிவிட்டார். ஓர் அடிக்கு ஒன்று, அரை அடிக்கு ஒன்று. மண்டபத்து வளைவு கண்ணுக்குத் தெரியும்போது அவர் பைக்குள் கையை விட்டு, வெறுங்கையை எடுத்து, என்னைப் பார்த்தார். என் பையும் காலி. சொல்லைச் சொல்லிவிட்டார், கொடுக்க ஒன்றுமில்லை. பிஜிலி முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது.

நசீமா என் கையை விட்டார். நேராக முன்னால் போய், சீர்வரிசைத் தட்டு ஒன்றிலிருந்து இரண்டு வாழைப்பழத்தைப் பிய்த்தார். தட்டு வைத்திருந்த அம்மாள், "ஐய, அது பொண்ணு ஊட்டுக்கு" என்றதற்கு, "வாக்கு குடுத்தாச்சிம்மா" என்று மட்டும் சொன்னார். பழத்தை உரித்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அந்தக் குதிரைக்கு அவர் கையால் கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிஜிலி பழத்தைத் தின்றுவிட்டு அவர் கையையும் நக்கியது. அவர் கையைத் துடைத்துக்கொள்ளவில்லை.

மண்டப வாசலில் கஸ்தூரி ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார். பாய் குதிரையை நிறுத்தினார். இறங்க முக்காலியும் போட்டாயிற்று. தினேஷ் இறங்கவில்லை.

"அம்மா, முகூர்த்தம் நாளைக்குத்தானே?"

"ஆமாண்டா."

"அப்போ இன்னொரு ரவுண்டு போயிட்டு வரட்டா?"

பேண்டு செட் தலைவர், "ஒரு ரவுண்டுக்குத்தாங்க பேச்சு" என்று முனகினார். ஏகாம்பரம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். யாரோ கடையிலிருந்து ஒரு வாழைத்தாரையே தூக்கி வந்தார்கள். பாய் கோனைச் சுற்றித் திருப்ப, பிஜிலி அதன் பின்னால் அழகாக அரைவட்டம் அடித்தது. ஊர்வலம் மறுபடி நெசவுத் தெருவைப் பார்த்துத் திரும்பியது.

அந்த நேரத்தில் நசீமாவின் கைபேசி அடித்தது. எண்ணைப் பார்த்தார், காதில் வைத்தார், டிரம்பெட்டுக்கு மேல் உருதுவில் கத்தினார். எதிர்முனையில் இருந்தவருக்குக் கேட்டிருக்காது போல. இன்னொரு முறை, இன்னும் சத்தமாகக் கத்திவிட்டு வைத்தார். வாழைத்தாரைத் தானே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு குதிரையின் பின்னால் நடந்தார்.

"யாருங்க?" என்று கஸ்தூரியைக் கேட்டேன்.

"தரகர். நாளைக்கு எத்தினி மணிக்கு வரட்டும்னு கேட்டிருக்காரு." ஆரத்தித் தட்டில் காற்றுக்கு ஆடிய சுடரைக் கையால் மறைத்துக்கொண்டார். "குதிர வேலையா இருக்குது, நாளைக்கும் இருக்கும், அதுக்கப்பறமும் இருக்கும்னு சொல்றாங்க."